பச்சை விளக்கு யாரைக் கேட்டு எரிகிறது?

போன ஐப்பசி மழையில் ஏற்காட்டில் நான்கு நாள் தங்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காலை, நாகலூர் பக்கம் ஒரு சின்ன சேவைக் கடையில் ஒதுங்கி நின்றேன். ஒரு லேப்டாப், கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் கருவி, சுவரில் சாமி காலண்டர், அவ்வளவுதான் கடை. முதியோர் உதவித்தொகை எடுக்க ஒரு பாட்டி வந்திருந்தார். முந்தின நாளும் வந்து வெறுங்கையோடு திரும்பியவர்.

"இன்னிக்கும் இல்லியா கண்ணு?"

"நெட்டு வரலீங்க ஆயா. கீழ சொல்லியிருக்கேன்."

கடைத் தம்பி செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான வாசல்படி ஓரத்தில் நின்று சேலத்துக்கு மறுபடி போன் போட்டார். ஸ்பீக்கரில் பதில் எனக்கும் கேட்டது. "உங்க லைன் இங்க பச்சையாத்தான் காட்டுது தம்பி. கம்ப்யூட்டர ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க." தம்பி மூன்று தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். ஒன்றும் நடக்கவில்லை. பாட்டி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்துவிட்டார்.

எனக்கு அந்தப் பச்சைதான் உறுத்தியது. போனில் பேசியவர் பொய் சொல்லவில்லை. அவர் திரையில் நிஜமாகவே பச்சைதான் இருந்திருக்கும். கடையிலும் நிஜமாகவே நெட் இல்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? தொலைவில் இருக்கும் ஒரு பெட்டி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதை நடுவில் உட்கார்ந்திருப்பவர் எப்படித்தான் தெரிந்துகொள்கிறார்? இதைத் தேடப் போய், கதை மெயின்பிரேம் காலம் வரைக்கும், அதற்கும் பின்னால் ரயில் தந்தி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கோத்து வைக்கிறேன்.

ரயில்காரர்கள் முதலிலேயே கண்டுபிடித்த பாடம்

மெட்ராஸ் ரயில்வேயின் பாதை சேலத்தைத் தொட்டது 1861-ல். தண்டவாளத்தோடு தந்திக் கம்பியும் வந்தது. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனைக் கேட்டு, "பாதை காலி" என்று பதில் வாங்கிய பிறகே வண்டியை விடுவார். "லைன் கிளியர்" என்ற வார்த்தை நம் பேச்சுக்குள் வந்தது இந்த வழக்கத்திலிருந்துதான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பதில் வரவில்லை என்றால் வண்டி போகாது. அடுத்த ஸ்டேஷன்காரர் தூங்கினாலும் சரி, நடுவில் கம்பி அறுந்திருந்தாலும் சரி, வண்டி நிற்கும். அங்கே மௌனத்துக்கு "ஆபத்து" என்று மட்டும்தான் அர்த்தம்.

1872-ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் இதை மின்சாரத்திலேயே செய்து காட்டினார். தண்டவாளத்தின் ஒரு துண்டில் சின்ன மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடும்வரை சிக்னல் "போகலாம்" என்று காட்டும். வண்டி ஏறினால் சக்கரமும் அச்சும் மின்னோட்டத்தைக் குறுக்கே திருப்பிவிடும், சிக்னல் "நில்" என்று மாறும். தண்டவாளம் உடைந்தாலும் "நில்". பேட்டரி தீர்ந்தாலும் "நில்". கம்பியை எலி கடித்தாலும் "நில்". கெட்ட செய்தியைச் சொல்ல மின்சாரம் தேவைப்படக் கூடாது, நல்ல செய்தியைச் சொல்லத்தான் தேவைப்பட வேண்டும் என்பது இதன் சூத்திரம்.

இந்தச் சூத்திரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணினி வலையமைப்புகளின் கதை முழுக்க இதைக் கடைப்பிடிப்பதும் மறப்பதுமாகத்தான் போகிறது.

எல்லோரையும் பெயர் சொல்லி அறிந்த பெரிய வீடு

தமிழ்நாட்டில் மெயின்பிரேம் என்றதும் பழைய ஆட்களுக்கு நினைவு வருவது சென்னை ஐ.ஐ.டி.யின் ஐ.பி.எம். 370/155. மேற்கு ஜெர்மனியின் உதவியில் 1973-ல் வந்து சேர்ந்தது. அப்போது இந்தியாவில் இருந்த மிகப் பெரிய கணினிகளில் ஒன்று. துளை அட்டைகளைக் கொடுத்துவிட்டு, முடிவுக்கு மறுநாள் வரை காத்திருந்த காலம்.

அதற்கு அடுத்த வருடம், 1974-ல், ஐ.பி.எம். நிறுவனம் எஸ்.என்.ஏ. என்ற வலையமைப்பு முறையை அறிவித்தது. மெயின்பிரேம் நடுவில் இருக்கும். அதன் வாசலில் தகவல்தொடர்புக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று. அதிலிருந்து வாடகைத் தொலைபேசிக் கம்பிகள் கிளை அலுவலகங்களுக்குப் போகும். கம்பியின் மறுமுனையில் பச்சை எழுத்துத் திரைகள்.

எஸ்.என்.ஏ.வின் குணத்தை ஒரு பெரிய கூட்டுக் குடும்ப வீட்டோடு ஒப்பிடலாம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெரியவரிடம் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு கம்பி, ஒவ்வொரு டெர்மினல், ஒவ்வொரு பிரிண்டர் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே அந்த நோட்டில் எழுதியாக வேண்டும். எழுதாதது பேச முடியாது. ஒரு கிளையில் புதிதாக நாலு டெர்மினல் வைக்க வேண்டுமா? பட்டியலை மாற்றி, கட்டுப்பாட்டுப் பெட்டியின் மென்பொருளையே மறுபடி உருவாக்கி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பார்த்து ஏற்ற வேண்டும். சலிப்பான வேலை.

ஆனால் அதற்கு ஒரு பலன் இருந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டி ஓயாமல் வரிசையாக ஒவ்வொரு கருவியையும் கேட்டுக்கொண்டே இருக்கும். "சொல்ல ஏதாவது இருக்கா?" இல்லை என்றாலும் "இல்லை" என்று பதில் வர வேண்டும். சில தடவை கேட்டும் பதிலே வராவிட்டால், அந்தக் கருவி செயலிழந்தது என்று குறித்து மெயின்பிரேமுக்கு மேலே சொல்லிவிடும். ரயில்காரர்களின் அதே சூத்திரம்தான்.

மெயின்பிரேமில் இந்த நோட்டைப் பராமரிக்கும் மென்பொருளின் பெயர் விடேம். ஒரு கருவியின் நிலை என்ன என்று அதைக் கேட்டால் சில சுருக்கச் சொற்களில் பதில் வரும். வேலை செய்தால் "ஆக்டிவ்". நிறுத்தப்பட்டிருந்தால் "இன்ஆக்ட்". மூன்றாவதாக ஒன்று உண்டு, "நெவாக்". பட்டியலில் இருக்கிறது, ஆனால் இதுவரை ஒருமுறைகூட இயக்கப்படவே இல்லை என்று பொருள். "இறந்துவிட்டது" வேறு, "இன்னும் பிறக்கவே இல்லை" வேறு என்று பிரித்துச் சொல்கிற நேர்மை. இந்த மூன்றாவது சொல்லுக்குக் கடைசியில் திரும்பி வருவேன்.

1986-ல் ஐ.பி.எம். இந்தக் கண்காணிப்புக் கருவிகளை ஒன்றாகச் சேர்த்து நெட்வியூ என்ற பெயரில் கொடுத்தது. இருட்டறையில் ஒரு திரை முன் ஒரு ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பார். எந்த ஊர்க் கம்பியில் பிழை அதிகமாகிறது, எந்தக் கிளை மௌனமானது என்று வரிசையாகச் செய்தி இறங்கும்.

இந்தியாவிலும் இது நடந்தது. 1978-ல் ஐ.பி.எம். நாட்டைவிட்டு வெளியேறியபோது, அதன் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு சி.எம்.சி. என்ற பொதுத்துறை நிறுவனத்துக்கு வந்தது. அதே சி.எம்.சி. 1980-களின் நடுவில் இந்தோநெட் என்ற வலையமைப்பைக் கட்டியது. பம்பாய், கல்கத்தா, தில்லி, மெட்ராஸ், ஐதராபாத் போன்ற நகரங்களை இணைத்தது அது. அதன் அடிப்படை எஸ்.என்.ஏ. முறைதான். நாட்டைவிட்டுப் போனவர்களின் முறையில், நம் ஆட்கள் கட்டிய வலை.

கலெக்டர் ஆபீஸ் டிஷ்

சரி, இதெல்லாம் பெருநகரக் கதை. நம் மலைக்கு எப்போது வந்தது?

சேர்வராயன் மலை சேலம் சமவெளியிலிருந்து சட்டென்று எழும்பி நிற்பது. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில். சேலத்திலிருந்து போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டு. தந்தியோ, தொலைபேசியோ, எந்தக் கம்பியாக இருந்தாலும் மரம் விழும், மண் சரியும் ஒரு சரிவில் ஏறித்தான் மேலே வர வேண்டும். கம்பி அறுந்தால் கீழே இருப்பவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: ஏற்காடு பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பது யாராவது வளைவு வளைவாக ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

1980-களின் கடைசியில் தேசிய தகவலியல் மையம் நிக்நெட்டைப் பரப்பியது. நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் எல்லாம் ஒரு சின்ன டிஷ், ஒரு கணினி. மைக்ரோ எர்த் ஸ்டேஷன் என்று சொல்வார்கள். தொழில்நுட்பம் கலிபோர்னியாவின் ஈக்விடோரியல் என்ற நிறுவனத்துடையது. மைய நிலையம் தில்லியில். தில்லி, புனே, புவனேஸ்வர், ஐதராபாத் ஆகிய நான்கு இடங்களில் ஜப்பானின் என்.இ.சி. எஸ்-1000 மெயின்பிரேம்கள். மாநிலத் தலைநகரங்களில் அதைவிடச் சின்ன கணினிகள். ஏற்காடு தாலுகாவின் கணக்கு வழக்கெல்லாம் காகிதத்தில் மலையிறங்கி சேலம் கலெக்டர் அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து வானத்துக்கு ஏறும்.

இதன் அமைப்பு நட்சத்திர வடிவம். எந்த மாவட்டம் எந்த மாவட்டத்தோடு பேசினாலும் மைய நிலையம் வழியாகத்தான். பக்கத்து தர்மபுரிக்குச் சேதி அனுப்பினாலும் அது 36,000 கிலோமீட்டர் மேலே போய், தில்லியில் இறங்கி, மறுபடி மேலே போய்த்தான் தர்மபுரியில் இறங்கும். ஒரு ஏற்ற இறக்கத்துக்குக் கால் நொடி. தர்மபுரி போய்ச் சேரவே அரை நொடி. கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் கண்காணிப்புக்கு இதைவிட வசதியான அமைப்பு கிடையாது. எல்லாம் ஒரே வாசல் வழியாகப் போவதால், யார் பேசுகிறார்கள், யார் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்பது வாசலில் இருப்பவருக்குத் தானாகத் தெரியும். நடுவில் மலையும் இல்லை, மரமும் இல்லை.

அதாவது, மெயின்பிரேமின் "பெரிய வீடு" என்ற எண்ணம் வானத்தில் தொடர்ந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டிஷ் சேலத்தோடு நின்றுவிட்டது. அந்தக் கடைசி 30 கிலோமீட்டர் அப்போதும் ஜீப்பிலும் பஸ்ஸிலும்தான்.

நடு இல்லாத வலை

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு எண்ணம் வளர்ந்திருந்தது. 1969-ல் தொடங்கிய ஆர்ப்பாநெட்டில் மையக் கணினி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு இடத்திலும் ஹனிவெல் கணினியில் செய்த ஒரு பெட்டி. பொட்டலம் வந்தால், எந்தப் பக்கம் தள்ளலாம் என்று அதுவே முடிவு செய்யும். இன்றைய ரவுட்டரின் தாத்தா அதுதான்.

நடு இல்லை என்று பெருமையாகச் சொன்னாலும், கண்காணிக்க ஒரு நடு தேவைப்பட்டது. அந்தப் பெட்டிகளைச் செய்த பி.பி.என். நிறுவனம் மாசசூசெட்ஸில் ஒரு கட்டுப்பாட்டு மையம் வைத்தது. ஒவ்வொரு பெட்டியும் நிமிடத்துக்கு ஒருமுறை தன் நிலையை அங்கே அனுப்ப வேண்டும். அறிக்கை தொடர்ந்து வராவிட்டால் அந்தப் பெட்டி விழுந்துவிட்டது என்று அர்த்தம். பாருங்கள், இங்கேயும் ரயில்காரர்களின் சூத்திரம்.

ஆனால் ஆர்ப்பாநெட் வளர்ந்து இன்டர்நெட் ஆனபோது பெட்டிகள் பல கம்பெனிகளுடையவை ஆகின. வலைகள் பலருடையவை ஆகின. எல்லோரும் அறிக்கை அனுப்பும் ஒரே வீடு என்று ஒன்று இல்லாமல் போனது. 1981-ல் ஐ.சி.எம்.பி. என்ற சேதி முறை வந்தது. அதில் "இருக்கியா?" என்று கேட்கவும் "இருக்கேன்" என்று பதில் சொல்லவும் இடம் உண்டு. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வகப் பொறியாளர் அதை வைத்து ஒரு சின்ன நிரல் எழுதினார். நீர்மூழ்கியின் சோனார் ஒலியை நினைத்து பிங் என்று பெயர் வைத்தார். இன்று வரைக்கும் நெட் போனால் நாம் முதலில் தட்டுவது அதைத்தான்.

1988-ல் எஸ்.என்.எம்.பி. வந்தது. எளிய வலையமைப்பு மேலாண்மை முறை என்று பொருள். பெரிய அதிகாரபூர்வ முறை ஒன்று தயாராகும்வரை தற்காலிகமாக இருக்கட்டும் என்று செய்தது. பெரியது வந்து நிலைக்கவில்லை. தற்காலிகம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. (தற்காலிகக் கொட்டகையில் 30 வருடம் நடக்கும் பள்ளிக்கூடங்கள் நமக்குப் புதுசா என்ன?)

இதில் இரண்டு வழிகள். ஒன்று, கண்காணிப்பவர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரவுட்டரைக் கேட்பது: எத்தனை பொட்டலம் போச்சு, எத்தனை பிழை, நீ எழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு? கடைசிக் கேள்வி சுவாரசியமானது. ரவுட்டர் தான் எழுந்த நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டே வரும். போன தடவை கேட்டபோது இருந்ததைவிட இந்தத் தடவை எண் குறைந்திருந்தால், நடுவில் யாரோ அணைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். (அந்த எண்ணுக்கு 32 பிட் இடம்தான். 497 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரும் அன்றைக்கு மறுபிறவி எடுத்த மாதிரி தெரியும்.)

இன்னொரு வழி, ரவுட்டரே தானாகக் கூப்பிட்டுச் சொல்வது. இதற்கு டிராப் என்று பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஏற்காட்டு ரவுட்டருக்குச் சேலம் போகும் ஒரே கேபிள் அறுந்துவிட்டது. "கேபிள் அறுந்துவிட்டது" என்ற சேதியை அது எந்த வழியாக அனுப்பும்? அறுந்த அதே கேபிள் வழியாகத்தான். அந்தச் சேதி போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் ஏற்பாடும் அப்போது இல்லை. தபால் பெட்டியில் போட்டாச்சு, அவ்வளவுதான். டிராப்பை மட்டும் நம்பினால் மௌனத்துக்கு "எல்லாம் நலம்" என்று அர்த்தம் வந்துவிடும். ராபின்சன் தவிர்த்த பள்ளத்தில் 100 வருடம் கழித்து நாமே போய் விழுந்த மாதிரி.

பச்சைத் திரையில் ரவுட்டர்

1990-களில் இரண்டு உலகங்களும் மோதின. வங்கிகள், விமான நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் எல்லோருக்கும் கணக்கு மெயின்பிரேமில். அதை மாற்ற முடியாது. ஆனால் கிளைகளில் புதிதாக வந்து இறங்கியது ரவுட்டர்கள். இரண்டு வலை வைத்திருக்கச் செலவாகும். அதனால் பழைய எஸ்.என்.ஏ. பேச்சைப் புதிய ஐ.பி. பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பும் முறைகள் வந்தன.

மெயின்பிரேம் ஆபரேட்டருக்கு இது ஒரு விசித்திரமான சங்கடம். அவர் நோட்டில் டெர்மினல் இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. நடுவில் புகுந்த ரவுட்டர் மட்டும் இல்லை. டெர்மினல் திடீரென்று மௌனமாகும். ஏன் என்று நெட்வியூவுக்குத் தெரியாது. வீட்டுப் பெரியவருக்கு மகன் எங்கே என்று தெரியும், அவன் போகிற பஸ் பற்றித்தான் ஒன்றும் தெரியாது.

இதற்குச் செய்த ஒட்டு வேலை அழகானது. பக்கத்தில் ஒரு யூனிக்ஸ் கணினி வைத்தார்கள். நெட்வியூ/6000 என்ற மென்பொருள் அதில் ஓடும். ரவுட்டர்களிடம் எஸ்.என்.எம்.பி.யில் பேசும். ரவுட்டர் அனுப்பும் டிராப்பை வாங்கி, எஸ்.என்.ஏ. எச்சரிக்கையாக மொழிபெயர்த்து மெயின்பிரேமுக்குத் தள்ளும். கிட்டத்தட்ட ஒரு துபாஷி. சிஸ்கோ இன்னொரு படி மேலே போய், ரவுட்டரையே ஒரு எஸ்.என்.ஏ. உறுப்பினர் மாதிரி வேடம் போட வைத்தது. ஆபரேட்டர் தன் பழைய பச்சைத் திரையில் ரன்கமாண்ட் என்ற கட்டளையைத் தட்டினால், அது ரவுட்டர் வரைக்கும் போய், ரவுட்டரின் பதிலைக் கொண்டுவந்து காட்டும். பிறகு மெயின்பிரேமே நேரடியாக ஐ.பி.யும் எஸ்.என்.எம்.பி.யும் பேசக் கற்றுக்கொண்டது.

இந்தியாவில் இந்தக் கலப்புக்குப் பெரிய உதாரணம் ரிசர்வ் வங்கி. வங்கிகளுக்கான இன்ஃபிநெட் வலை 1999-ல் தொடங்கியது. அதை அமைத்தது ஐதராபாத்தில் உள்ள ரிசர்வ் வங்கியின் ஆராய்ச்சி நிறுவனமான ஐ.டி.ஆர்.பி.டி. முதலில் வி-சாட் டிஷ்கள், பிறகு வாடகைக் கம்பிகள். 2004 மார்ச் 26 அன்று பெரிய தொகைகளை உடனுக்குடன் தீர்க்கும் ஆர்.டி.ஜி.எஸ். தொடங்கியது. நடுவில் ஐ.பி.எம். மெயின்பிரேம், சுற்றிலும் ரவுட்டர்கள். இங்கே ஒரு ரவுட்டரின் மௌனம் ஆராய்ச்சிக் கேள்வி அல்ல. அதன் பின்னால் யாருடைய பணமோ பாதி வழியில் நிற்கிறது.

அக்கால ஆட்கள் இன்னொரு நல்ல பழக்கமும் வைத்திருந்தார்கள். தொலைவில் உள்ள முக்கியமான ரவுட்டரின் பின்பக்கம் ஒரு மோடம், அதில் ஒரு சாதாரண தொலைபேசி இணைப்பு. வலை மொத்தமும் போனாலும் போன் போட்டு ரவுட்டருக்குள் நுழையலாம். நோயாளியை விசாரிக்க அவர் வீட்டுக் கதவை மட்டும் நம்பாமல், பக்கத்து வீட்டு நம்பரையும் வாங்கி வைக்கிற புத்தி.

சிவப்பா, சாம்பலா?

2005-ல் மத்திய அரசு மாநில அளவிலான வலையமைப்புகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒதுக்கீடு 3,334 கோடி ரூபாய். மாநிலத் தலைநகர், மாவட்டம், வட்டம், ஒன்றியம் என்று படிப்படியாக ரவுட்டர்கள் இறங்கின. நிக்நெட் சேலத்தில் நிறுத்திய கோடு, மலையேறி வட்டாட்சியர் அலுவலகத்தைத் தொட்டது. அடுத்து ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைப்பது டான்ஃபிநெட்டின் இலக்கு. நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை, செம்மநத்தம், மாரமங்கலம் என்று மலை ஊராட்சிகளும் அதில் அடக்கம்.

இவ்வளவு பெட்டிகளைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கு ஒரு பிரச்சினை உண்டு. மலையடிவாரத்தில் ஒரே இடத்தில் கேபிள் அறுந்தால், மேலே இருக்கும் அத்தனையும் ஒரே நேரத்தில் மௌனம். ஐம்பது எச்சரிக்கை அலறினால் எது காரணம், எது விளைவு என்று தெரியாது. அதனால் நேகியாஸ் மாதிரியான மென்பொருள்கள் ஒரு வித்தியாசம் பார்க்கக் கற்றுக்கொண்டன. "விழுந்தது" வேறு, "எட்டவில்லை" வேறு. பாதையில் முதலில் மௌனமானதைச் சிவப்பில் காட்டு. அதற்குப் பின்னால் இருப்பவை பற்றி "தெரியாது" என்று சாம்பல் நிறத்தில் காட்டு, அலறாதே.

பொறியாளருக்கு இது சரி. கேபிளைச் சரி பண்ண எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆனால் மலையில் இருப்பவர் பக்கமிருந்து பாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படியான ஒரு ராத்திரியில் கீழே ஒரே ஒரு சிவப்பு. மேலே இருக்கும் ஊர்கள் எல்லாம் சத்தமில்லாத சாம்பல். யாரைப் பற்றி அதிகம் விசாரிக்க வேண்டுமோ, அவர்களுக்காக அலாரம் அடிக்காது. சாம்பல் என்றால் "பரவாயில்லை" என்று அர்த்தம் இல்லை, "போய்ப் பார்" என்று அர்த்தம் என்பதை மென்பொருள் சொல்லாது. மனுஷன்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, அந்தப் பச்சை

இவ்வளவு படித்த பிறகு நாகலூர்க் கடைத் தம்பிக்குப் போன் போட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து, எங்கிருந்து எங்கே இணைப்பு வருகிறது என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். கண்ணாடி இழை ஒரு டவர் வரைக்கும் வருகிறது. டவரில் ரவுட்டர். அதற்கு பேட்டரி உண்டு. மழையிலும் அது ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. டவரிலிருந்து கடைக்கு ஒரு சின்ன ரேடியோ இணைப்பு. சில்வர் ஓக் மரத்துக் கிளை ஒடிந்து அதன் மேல் விழுந்திருந்தது.

சேலத்துத் திரை கேட்டது டவர் ரவுட்டரை. "இருக்கியா?" "இருக்கேன்." பச்சை. கடைசி ரேடியோவை யாரும் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அதனால் அதை யாரும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு எப்படிச் சிவப்பு வரும்?

இங்கேதான் விடேமின் அந்த மூன்றாவது சொல் நினைவுக்கு வந்தது. எஸ்.என்.ஏ. காலத்தில் பட்டியலில் இல்லாதது பேசவே முடியாது. அது கொடுமை, புதிதாக ஒரு டெர்மினல் வைக்க ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஆனால் அதனாலேயே, பேசுகிற எல்லாமும் பட்டியலில் இருந்தன. ரவுட்டர் காலத்தில் யாரும் யாரையும் கேட்காமல் ஒரு ரேடியோவை மாட்டலாம், அன்றைக்கே வேலை செய்யும். மலைக்கிராமத்துக்கு நெட் வந்ததே அந்தச் சுதந்திரத்தால்தான். அதன் விலை என்னவென்றால், பட்டியலில் இல்லாமலே பேசிக்கொண்டிருந்தது ஒரு நாள் மௌனமானால் யாருக்கும் தெரியாது. ஆக்டிவும் இல்லை, இன்ஆக்டும் இல்லை, நெவாக்கும் இல்லை. அதற்குச் சொல்லே கிடையாது.

ஆகவே உங்கள் ஊரில் அடுத்த முறை "இங்க பச்சையாத்தான் இருக்கு" என்று பதில் வந்தால், கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "எந்தப் பெட்டியைக் கேட்டு அந்தப் பச்சை எரியுதுங்க?"

தம்பி அதைத்தான் கேட்டார். பேசிப் பேசி, அந்த ரேடியோவைப் பட்டியலில் சேர்க்க வைத்துவிட்டார். பாட்டிக்கு அந்த வாரமே பணம் கிடைத்துவிட்டதாம், அதுவும் கிளையை எடுத்துப் போட்ட பிறகு. போன வாரம் மறுபடி காற்று, மறுபடி நெட் போயிருக்கிறது. ஏற்காட்டிலிருந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அண்ணே, நாம போன் பண்றதுக்கு முன்னாடியே அவங்களே கூப்ட்டாங்கண்ணே. நம்ம கடை அங்க சிவப்பாத் தெரியுதாம்!"